தூண் நிற்காத நோம்பி

“தாயே, தூண் நிக்கலீங்க.”

சென்னியப்பன் மூச்சு வாங்க ஓடிவந்து சொன்னார். கையில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது.

மடத்தை நடத்தும் சாமியம்மா புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“நோம்பி நாளைக்குத்தானுங்களே சென்னியண்ணா.”

“போன வருசம் மொத நாளே நின்னுச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. இன்னைக்கு உச்சி நேரத்துக்குப் போய்ப் பாத்தனுங்க. கீழ பாறையில வட்டமா வெளிச்சம் கெடக்குது. மேல ஓட்டையும் பளிச்சுனு இருக்குது. நடுவுல ஒண்ணுமே இல்லீங்க.”

“ஒண்ணுமே இல்லீங்களா?”

“ஒண்ணுமே இல்லீங்க தாயே.”

“அப்பறம் கீழ எப்படிங்க வந்துச்சு அந்த வெளிச்சம்?”

சென்னியப்பன் ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் பயம்தான்.

வெள்ளைக்கரட்டு மடம் என்பது பெரிய மடமெல்லாம் இல்லை. ஒரு பாறைக்குன்று, அதன் வயிற்றில் ஒரு குகை, வெளியே ஓலை வேய்ந்த ஒரு சமையல்கட்டு, அவ்வளவுதான். குகைக்கு வளைந்த சந்து வழியாகத்தான் போக வேண்டும். உள்ளே போனால் இருட்டு.

குகையின் கூரையில் ஒரு துளை உண்டு. ஆள் உயரப் பாறையைக் குடைந்துகொண்டு நேராக வானத்துக்குப் போகிற துளை. வருஷம் முழுக்கச் சூரியன் சாய்ந்தே போவதால் வெளிச்சம் துளையின் பக்கத்துப் பாறையில் மோதி அங்கேயே நின்றுவிடும். ஆவணியில் நேரே வரும் நாளில் மேகம் மூடிக்கொள்ளும். சித்திரையில் மட்டும், நம் நிழல் நம் காலடியிலேயே சுருண்டு படுத்துக்கொள்ளும் அந்த ஓரிரு நாட்களில், உச்சி நேரத்தில் கொஞ்ச நேரம் அது தங்குதடையின்றி நேரே இறங்கும். கூரைக்கும் தரைக்கும் நடுவே வெள்ளையாக ஒரு தூண் நிற்கும். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் வந்து அதற்குள் கையை நீட்டி, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். அந்தத் திருவிழாவுக்குப் பெயர் தூண் நோம்பி.

போன வருஷ நோம்பிக்குச் சென்னியப்பன் வேடிக்கை பார்க்கத்தான் வந்தார். தூணைப் பார்த்தார். குலுங்கிக் குலுங்கி அழுதார். பிறகு வீட்டுக்கே போகவில்லை.

அதற்கு முன்னால் அவர் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் துடைத்த தரையில் சோறு போட்டுச் சாப்பிடலாம் என்று டாக்டர்களே சொல்வார்கள். ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க வேண்டியதானபோதுதான் சங்கடம் வந்தது. வீட்டை ஒட்டியே, அவர் மனைவி தறி ஓட்டும் விசைத்தறி குடோன். எந்நேரமும் சத்தம், எங்கு பார்த்தாலும் பஞ்சு. சோற்றில் பஞ்சு, படுக்கையில் பஞ்சு. மனுஷருக்கு மூச்சு முட்டியது.

மடத்தில் அவரைவிடச் சின்னவரான சாமியம்மாவைத் தாயே என்று கூப்பிட அவருக்குக் கூச்சமே வரவில்லை. சாமியம்மாவும் அவரை அண்ணா என்றே கூப்பிட்டார். இந்த வருஷம் குகையைச் சுத்தம் செய்வதை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சென்னியப்பன் கேட்டு வாங்கிக்கொண்டார். அதுவரை அங்கே அப்படி ஒரு வேலை இருப்பதே யாருக்கும் தெரியாது.

“ஏன் இப்படி நடுங்கறீங்க?” என்றார் சாமியம்மா.

“நாளைக்கு மயிலாத்தா வர்றாளுங்க.”

“உங்க வீட்டம்மாவா? வரட்டுமே.”

“இல்லீங்க தாயே. போன்ல ஒரு பேச்சு பேசிட்டா.”

“என்ன பேச்சு?”

“‘ஒரு தூணைப் பாத்தேன் தூணைப் பாத்தேன்னு வருசம் பூரா சொல்றீங்க. நோம்பிக்கு வர்றேன். அப்படி ஒண்ணு நின்னுச்சுன்னா நீங்க அங்கயே இருந்துக்கங்க, இனி நான் வாயே தொறக்கமாட்டேன். ஒண்ணும் இல்லீன்னா எங்கூட வந்தரோணும்’னு சொல்லிட்டா. நானும் சரின்னுட்டனுங்க.”

“சரின்னு சொல்லிட்டீங்களா?”

“நிக்கும்ங்கற தைரியத்துல சொல்லிட்டனுங்க. இப்பப் பாத்தா நிக்கலையே! நான் பொய்யனாயிருவேன். மறுபடியும் அந்த வீட்டுக்குப் போய் எப்படி இருப்பேன்?”

அவர் கண் கலங்கிவிட்டது. இந்த வயதில் ஒரு மனுஷர் இப்படி நிற்பதைப் பார்க்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

சாமியம்மா புளி ஒட்டிய கையோடு எழுந்து வெளியே வந்தார். வானத்தைக் காட்டினார்.

“சூரியன் எங்க இருக்குது?”

“அங்கீங்க.”

“எத்தனை தொலவு?”

“கோடிக்கணக்குல சொல்றாங்க.”

“அங்கிருந்து இங்க வரைக்கும் வெளிச்சம் வந்துட்டே இருக்குதில்ல?”

“ஆமாங்க.”

“அது வர்ற வழி தெரியுதா?”

சென்னியப்பன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். கண் கூசியது. வழி எதுவும் தெரியவில்லை.

“காத்தெல்லாம் தாண்டி மேல போனா ஒரே இருட்டாமுங்க. ராக்கெட்ல போய்ட்டு வந்தவங்க சொல்றாங்க. சூரியன் தகதகன்னு எரியுது, வெளிச்சம் நெறஞ்சு ஓடுது, ஆனா சுத்தியும் இருட்டு. ஏன் சொல்லுங்க?”

“அங்க என்னதாங்க இருக்குது?”

“ஒண்ணுமே இல்லை. ஒரு தூசி இல்லை, துரும்பு இல்லை. உங்க தியேட்டரு பிச்சை வாங்கோணும், அத்தனை சுத்தம்.”

சென்னியப்பன் இன்னொரு முறை அண்ணாந்து பார்த்தார். பிறகு அவர் முகம் தெளிந்தது.

“புரிஞ்சுதுங்க தாயே. நல்லாப் புரிஞ்சுது.”

ஈரத்துணியை உதறிக்கொண்டு குகையை நோக்கி ஓடினார். என்னத்தைப் புரிந்துகொண்டாரோ என்று அவர் முதுகையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாமியம்மா திரும்பப் போய்ப் புளிக்கு முன்னால் உட்கார்ந்தார்.

சென்னியப்பனுக்குப் புரிந்தது இதுதான். அத்தனை கோடி தூரமும் மாசுமறுவில்லாத வழியில் வருகிற வெளிச்சம் அது. கடைசியில் வந்து இறங்குகிற இந்தக் குகைதான் அழுக்கு. அழுக்கான இடத்தில் அது எப்படி நிற்கும்? அதனால்தான் தரையில் விழுந்துவிடுகிறது.

அன்று பொழுது சாயும்வரை அவர் நிமிரவில்லை. சுவர்களைக் கழுவினார். கூரைக்கு ஏணி வைத்து ஏறித் துடைத்தார். சந்துக்குள் கோணிச் சாக்குகளை நனைத்துத் தொங்கவிட்டார், காற்றில் வருகிற தூசி அதிலேயே ஒட்டிக்கொள்ளட்டும் என்று. வழக்கமாகச் சாம்பிராணி போடுகிற தூபக்காலை எடுத்துக் கொண்டுபோய்ச் சமையல்கட்டில் வைத்துவிட்டார். கோரைப்பாயைச் சுருட்டி வெளியே போட்டார். எல்லாம் முடிந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். கழுவிய கல்லின் வாசனை தவிர வேறெதுவும் இல்லை. பழைய தியேட்டர் ஞாபகம் வந்தது. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அந்த நிம்மதி காலையில் இல்லை.

அடிவாரத்தில் ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தவர்கள் எல்லோரும் முழங்கால்வரை செம்மண்ணோடு வந்து சேர்ந்தார்கள். சென்னியப்பன் சந்தின் வாசலில் கயிறு கட்டி, தண்ணீர் டிரம்மை உருட்டி வைத்துக்கொண்டு நின்றார்.

“காலைக் கழுவுங்க. கையைக் கழுவுங்க. சட்டையத் தொடச்சுக்கங்க.”

“ஏனுங்க, நாங்க நோம்பிக்கு வந்தமா, ஆபரேஷனுக்கு வந்தமா?” என்றார் ஒரு பெரியவர்.

கூட்டம் சிரித்தது. சென்னியப்பன் சிரிக்கவில்லை. கழுவித் துடைத்தும் அவருக்குத் திருப்தி வந்தது நாலைந்து பேரிடம்தான். அவர்களை மட்டும் உள்ளே விட்டார். மற்றவர்கள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வெயிலில் நின்றார்கள்.

வெயில் ஏறியது. சென்னியப்பன் அடிக்கடி தன் நிழலைப் பார்த்துக்கொண்டார். அது குட்டையாகிக்கொண்டே வந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு மயிலாத்தாள் வந்தாள். சேலைத் தலைப்பை முக்காடாகப் போட்டிருந்தாள். விடிகாலை வரை தறி ஓட்டிவிட்டு, அப்படியே பஸ் ஏறியிருக்க வேண்டும். புருவத்தில் பஞ்சு. காதோரத்தில் பஞ்சு. முக்காட்டின் மடிப்பெல்லாம் பஞ்சு. ஒரு வருஷத்தில் ஆள் மெலிந்துபோயிருந்தாள்.

“நல்லா இருக்கறீங்களா?” என்றாள்.

“இருக்கறேன்.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முக்காட்டைத்தான் பார்த்தார். “மயிலா, நீ கடைசியா வா.”

“ஏனுங்க?”

“மேலெல்லாம் பஞ்சு.”

மயிலாத்தாள் தன் தோளைப் பார்த்துக்கொண்டாள். சுற்றி நின்றவர்களும் பார்த்தார்கள். அவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“இத்தனை தூரம் வந்தது உங்களைப் பாக்கத்தான். சரிங்க. நான் வெளியவே நிக்கறேன். அது வந்துச்சுன்னா ஒரு குரல் குடுங்க.”

தப்பாகப் பேசிவிட்டோம் என்று சென்னியப்பனுக்கு அந்தக் கணமே தெரிந்தது. ஆனால் நிழல் காலடிக்கு வந்துவிட்டது. அவர் உள்ளே ஓடினார்.

குகைக்குள் சாமியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த நாலைந்து பேரும் கைகூப்பி நின்றார்கள். கூரையில் துளை மெல்ல மெல்ல வெளுத்தது. ஒரு விளிம்பு எரிந்தது. அப்புறம் முழுதும் எரிந்தது.

தரையில் வட்டமாக வெளிச்சம் வந்து விழுந்தது.

மேலே துளை. கீழே வட்டம். நடுவே ஒன்றுமில்லை.

“தூண் எங்கீங்க?” என்றார் அந்தப் பெரியவர். அவரும் கழுவித் துடைத்து உள்ளே வந்தவர்களில் ஒருவர்தான்.

“வரும்,” என்றார் சென்னியப்பன்.

“வெளிச்சந்தான் வந்துருச்சே. தூண் எங்கன்னு கேக்கறேன்.”

“வருமுங்க. பொறுங்க.”

அவர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். வட்டம் தரையில் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. சூரியன் யாருக்காகவும் நிற்கப்போவதில்லை. இன்னும் கொஞ்ச நேரம்தான், அப்புறம் அது துளையின் ஓரத்தில் ஏறிவிடும்.

யாரோ ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள். “சாமிக்கு என்ன கோவமோ.”

சென்னியப்பன் வெளிச்ச வட்டத்தருகே ஓடினார். ஈரத்துணியை எடுத்து, துளைக்கும் வட்டத்துக்கும் நடுவில் வெறும் காற்றைத் துடைத்தார். இப்படியும் அப்படியுமாக வீசி வீசித் துடைத்தார். துணி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. துணியை எடுத்ததும் மறுபடி ஒன்றுமில்லை.

சாமியம்மாவின் முன்னால் போய் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“என்ன குத்தம் பண்ணுனேன் தாயே? மூலை முடுக்கெல்லாம் தொடச்சனே. ஒரு பொட்டுத் தூசி இல்லாமப் பண்ணுனனே. என்னைக் கண்டு அது நிக்கமாட்டேங்குதா?”

“எல்லாரும் உள்ள வந்தாச்சுங்களா?” என்றார் சாமியம்மா.

“இல்லீங்க. தூசியோட நிக்கறாங்க.”

“உங்க வீட்டம்மா?”

“அவ மேல பூராவும் பஞ்சுங்க தாயே.”

சாமியம்மா எழுந்தார். நேராகச் சந்துக்குள் போனார். அங்கே தொங்கிய ஈரச் சாக்குகளைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்துக் கீழே போட்டார். கயிற்றைக் காலால் தள்ளினார்.

“எல்லாரும் உள்ள வாங்க!”

மடை திறந்ததுபோல் ஜனம் புகுந்தது. “காலைக் கழுவுங்க, காலைக் கழுவுங்க” என்று சென்னியப்பன் கத்தினார். அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. செம்மண் காலோடு, வேர்வையோடு, இடுப்பில் குழந்தையோடு அவரை இடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

கடைசியில் மயிலாத்தாள் வந்தாள். சென்னியப்பன் சந்தை மறித்துக்கொண்டு நின்றார். வெறும் குகையை அவள் பார்த்துவிடக் கூடாது.

“மயிலா, இன்னும் வல்ல. கொஞ்சம் இரு.”

“வராட்டிப் போகுது. வெயில்ல எத்தனை நேரந்தான் நிக்கறது?”

அவரை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தாள். ‘அப்பாடா’ என்று முக்காட்டை எடுத்தாள். தறியை நிறுத்தியதும் எப்போதும் செய்வதுபோல், தலைப்பை இரண்டு கையாலும் பிடித்து ஓங்கி இரண்டு உதறு உதறினாள்.

தூண் நின்றது.

கூரையிலிருந்து தரைவரை, கோணல் இல்லாமல், வெள்ளை வெளேரென்று நின்றது. கையால் கட்டிப் பிடித்துவிடலாம் போல் இருந்தது. ஜனம் ஓவென்று கூவியது. குழந்தைகள் பயந்து அழுதன. பெரியவர் தலைக்கு மேலே கைகூப்பிவிட்டார். எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு உள்ளே கையை நீட்டினார்கள், கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

சென்னியப்பனுக்கு முதலில் சந்தோஷம் தாங்கவில்லை. ஜெயித்துவிட்டார். மானம் போகவில்லை. இனி வீட்டுக்குப் போக வேண்டியதில்லை.

கிட்டே போய்ப் பார்த்தார்.

தூணுக்குள் செம்மண் பொடி மின்னிக்கொண்டு ஏறியது. அதன் நடுவே பஞ்சு. ஒவ்வொரு இழையாக, அவசரமில்லாமல், திரும்பித் திரும்பி மிதந்துகொண்டிருந்தது.

அவர் தன் கையிலிருந்த ஈரத்துணியைப் பார்த்தார்.

மயிலாத்தாள் பக்கத்தில் வந்தாள். அவளும் கையை நீட்டினாள். உள்ளங்கையில் வெளிச்சம் விழுந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுங்களா நீங்க சொன்னது?”

“இதுதான்.”

“இதைப் பாத்துத்தான் அழுதீங்களா?”

“ஆமா.”

“இது நம்ம குடோன்ல தெனமும் எறங்குமுங்களே.”

“எங்க?”

“என் தறிக்கு நேர் மேல. ஒரு கண்ணாடி ஓடு போட்டிருக்குதுல்ல, அது வழியா. இப்படி நட்டுக்க நிக்காது, சாஞ்சாப்புல விழும், அவ்வளவுதான். அறுந்த இழைய அதுலதான் புடிச்சுக் கோப்பேன்.”

“நான் பாத்ததில்லையே.”

“நீங்க எப்ப உள்ள வந்தீங்க? வாசல்ல நின்னு மூக்கைப் பொத்திக்கிட்டுக் கூப்பிடுவீங்க. நான்தான் எந்திரிச்சு வருவேன்.”

அவள் குறையாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொன்னாள். அத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அவள் எந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து வேலை செய்தாள் என்பது தனக்குத் தெரியாது என்று சென்னியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

மயிலாத்தாள் கையை வெளியே எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். தலைப்பை இழுத்துச் செருகினாள்.

“சொன்ன சொல்லு சொன்னதுதானுங்க. நீங்க சொன்ன மாதிரி தூண் நிக்குது. நான் இனி கூப்பிடமாட்டேன். ஒடம்பப் பாத்துக்கங்க.”

கூட்டத்துக்குள் வழி பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அவள் தோளில் இன்னும் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது.

“மயிலா,” என்றார் சென்னியப்பன்.

இரைச்சலில் அவளுக்குக் கேட்கவில்லை.

“மயிலா! ஊருக்கு பஸ் எத்தனை மணிக்கு?”

“ஒரு மணிக்குங்க சென்னியண்ணா,” என்றார் சாமியம்மா. “இப்பவே எறங்குனாத்தான் புடிக்க முடியும்.”